ஒன்பது நாள் ஜப்பான் பயணத்துக்கு ரயில் பாஸ் கட்டுப்படியாகுமா?

கிருஷ்ணகிரியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. அவரும் அவருடைய துணைவியாரும் பெங்களூரிலிருந்து நரிதாவுக்கு விமானத்தில் சென்று, டோக்கியோவின் நிஷி-கசாய் பகுதியில் வசிக்கும் மகள் வீட்டில் தங்கி, ஒன்பதாம் நாள் ஊர் திரும்புகிறார்கள். நடுவில் இரண்டு இரவுகள் கியோத்தோவில் தங்கி, அங்கிருந்து நாராவையும் பார்க்க விரும்புகிறார்கள். அந்தப் பகுதிக்கு மகளும் மருமகனும் உடன் வருகிறார்கள். ஏழு நாள் ஜப்பான் ரயில் பாஸ் (ஜேஆர் எனப்படும் ஜப்பான் ரயில்வே நிறுவனங்களின் ரயில்களில் விருப்பம்போல் ஏறிப் போகும் சீட்டு) இல்லாமல் போகவே கூடாது என்று பயண முகவர் ஒருவர் சொல்லி, இருவருக்கும் சேர்த்து 60,000 ரூபாய்க்கு மேல் கேட்கிறார். வாங்கலாமா, ஹிரோஷிமாவையும் சேர்த்துக்கொண்டால் பாஸ் கட்டுப்படியாகுமா என்பது கேள்வி.

ஐயா, நீங்கள் எழுதியிருக்கும் திட்டத்துக்குப் பாஸ் வேண்டாம். இருவருக்கும் சேர்த்துப் பதினெட்டாயிரம் ரூபாய் அளவுக்கு நட்டம் வரும். அந்தக் கணக்கைக் கீழே விரிவாகவே போட்டுக் காட்டுகிறேன். நாளைக்கு நீங்கள் ஒரு ஊரைக் கூட்டினாலும் குறைத்தாலும் அதே கணக்கை நீங்களே திரும்பப் போட்டுப் பார்த்துக்கொள்ள அது உதவும்.

முதலில், முகவர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்பதைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் அவர் ஏமாற்றுகிறார் என்று நான் நினைக்கவில்லை. 2023 செப்டம்பர் வரை ஏழு நாள் சாதாரண வகுப்புப் பாஸின் விலை 29,650 யென். டோக்கியோவிலிருந்து கியோத்தோவுக்கு ஹிகாரி என்ற ஷின்கான்சென் (அதிவேக) ரயிலில் முன்பதிவு இருக்கையோடு ஒரு வழிக்கு ஏறத்தாழ 13,850 யென், போகவர 27,700 யென். அதாவது கியோத்தோ போய்த் திரும்பினாலே பாஸின் விலை ஏறக்குறைய வந்துவிடும். விமான நிலைய ரயில், நாரா, நகருக்குள் ஓடும் ஜேஆர் ரயில்கள் எல்லாம் மிச்சம். அந்தக் காலத்தில் ‘கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள்’ என்று சொன்னவர்கள் சரியாகத்தான் சொன்னார்கள். 2023 அக்டோபர் 1 அன்று அதே பாஸ் 50,000 யென் ஆயிற்று. பதினான்கு நாள் பாஸ் 47,250இலிருந்து 80,000 யென்னுக்கும், இருபத்தொரு நாள் பாஸ் 60,450இலிருந்து 1,00,000 யென்னுக்கும் போயின. தனி டிக்கெட்டின் கட்டணம் அந்த அளவுக்கு ஏறவில்லை. விலை மாறிவிட்டது, அறிவுரை மட்டும் பழையபடியே கைமாறிக்கொண்டிருக்கிறது. பாஸின் விலை இனியும் மாறக்கூடியது என்பதால், முடிவெடுக்கும் அன்று அதிகாரப்பூர்வத் தளத்தில் இருக்கும் விலையை வைத்தே கணக்கிட வேண்டும்.

இப்போது உங்கள் பயணத்தை ஒரு தாளில் எழுதிக்கொள்வோம். ஒருவருக்கான செலவு இது. நரிதாவிலிருந்து டோக்கியோ நிலையத்துக்கு நரிதா எக்ஸ்பிரஸில் 2025 கட்டணப்படி 3,070 யென், திரும்பும்போது இன்னொரு 3,070. டோக்கியோ-கியோத்தோ போகவர 27,700. கியோத்தோவிலிருந்து நாராவுக்கு ஜேஆர் சாதாரண ரயிலில் போகவர 1,440. சிவப்புத் தோரண வாயில்கள் வரிசையாக நிற்கும் ஃபுஷிமி இனாரி கோயிலும் அதே தடத்தில் இருக்கிறது; நடுவில் இறங்கி ஏறினால் கூடுவது சிறு தொகைதான் என்பதால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. மூங்கில் தோப்புள்ள அராஷியாமாவுக்குப் போகவர 480. டோக்கியோவில் யாமனோதே வட்டப் பாதை போன்ற ஜேஆர் தடங்களில் பத்து முறை ஏறி இறங்கினால், முறைக்கு 200 யென் என்று தாராளமாக வைத்து 2,000. எல்லாம் கூட்டினால் 37,760 யென் வருகிறது.

பாஸ் வாங்கினால் 50,000 யென். அதோடு முடிவதில்லை. உங்கள் பயணம் ஒன்பது நாள், பாஸ் ஏழு நாள். வந்திறங்கும் நாளில் தொடங்கினால் ஊர் திரும்பும் நாளில் பாஸ் செத்திருக்கும். திரும்பும் நாளை உள்ளே கொண்டுவந்தால் வந்திறங்கும் நாள் வெளியே போய்விடும். ஆக நரிதா எக்ஸ்பிரஸின் ஒரு பக்கக் கட்டணத்தைக் கையிலிருந்துதான் கொடுக்க வேண்டும். 53,070 எங்கே, 37,760 எங்கே? ஒருவருக்கு 15,310 யென் கூடுதல், இருவருக்கு 30,620. யென்னுக்கு 60 பைசா என்று வைத்துப் பெருக்கிப் பாருங்கள், நான் சொன்ன பதினெட்டாயிரம் ரூபாய் இதுதான்.

ஏழு நாள் என்பதற்கு இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. அது தொடர்ச்சியான ஏழு காலண்டர் நாள், ஏழு முறை இருபத்துநான்கு மணி நேரம் அன்று. மாலை ஐந்து மணிக்குத் தரையிறங்கி ஆறு மணிக்குப் பாஸைத் தொடங்கி வைத்தால், அன்று நள்ளிரவோடு ஒரு முழு நாள் கழிந்ததாகத்தான் பொருள். நடுவில் ஒரு நாள் உடம்பு சரியில்லை என்று வீட்டில் படுத்தாலும் அந்த நாள் ஓடிக்கொண்டேதான் இருக்கும். டோக்கியோ சுரங்க ரயிலுக்குச் சுற்றுலாப் பயணிகளுக்கென்று இருக்கும் 24, 48, 72 மணி நேர டிக்கெட்டுகள் அப்படி இல்லை. முதல் முறை வாயிலில் செருகிய நேரத்திலிருந்து மணிக்கணக்காக ஓடும். உங்களுக்கு அந்த டிக்கெட்தான் உண்மையில் பயன்படும்.

ஏன் என்றால், உங்கள் மகள் இருக்கும் இடம் அப்படி. நிஷி-கசாயில் நம் நாட்டினர் நிறையப் பேர் குடியிருக்கிறார்கள். அங்கே உள்ள நிலையம் டோக்கியோ மெட்ரோவின் தோசாய் தடத்தைச் சேர்ந்தது. மெட்ரோ ஜேஆர் நிறுவனங்களில் ஒன்று அன்று. 50,000 யென் பாஸைக் கையில் வைத்துக்கொண்டு அந்த நிலையத்தின் வாயிலில் நின்றாலும் கதவு திறக்காது. காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும் முதல் ரயிலுக்கும், இரவு வீடு சேரும் கடைசி ரயிலுக்கும் தனிக் காசுதான். கிருஷ்ணகிரிக்காரரான உங்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. திருப்பத்தூரிலிருந்து வந்துகொண்டிருந்த சிறிய ரயில் பாதை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் எடுக்கப்பட்டதிலிருந்து, ஊரில் ரயில் நிலையமே இல்லாமல், ரயில் ஏற ஜோலார்பேட்டைக்கோ ஓசூருக்கோ எங்கள் தருமபுரிக்கோ பேருந்தில் போகிறவர்கள் நீங்கள். ரயில் டிக்கெட்டின் விலையில் அந்தப் பேருந்துச் செலவு அடங்காது என்பது உங்களுக்குப் பழகிய கணக்கு. நிஷி-கசாயிலிருந்து ஓதெமாச்சி வரை தோசாய் தடம் அந்தப் பேருந்தைப் போன்றது. ஓதெமாச்சியில் இறங்கிச் சுரங்க நடைபாதை வழியாக டோக்கியோ நிலையத்துக்குப் போன பிறகுதான் ஜேஆர் உலகம் தொடங்குகிறது. கியோத்தோவிலும் நகரப் பேருந்தும் சுரங்க ரயிலும் பாஸுக்கு வெளியே. மகள் உங்கள் இருவருக்கும் ஆளுக்கொரு சுய்கா அட்டை வாங்கிப் பணம் ஏற்றிக் கொடுத்துவிட்டால், மெட்ரோ, ஜேஆர், பேருந்து என்று எதிலும் ஒரே அட்டையைத் தொட்டுவிட்டுப் போய்வரலாம். கியோத்தோவிலும் அது செல்லும்.

அடுத்தது உங்கள் குடும்பத்துக்கே உரிய ஒரு விஷயம், முகவர் அதைச் சொல்லியிருக்க மாட்டார். இந்தப் பாஸ் தற்காலிக வருகையாளராக ஜப்பானுக்குள் வருகிறவர்களுக்கு உரியது. உங்கள் இருவருக்கும் அந்தத் தகுதி உண்டு. கடவுச்சீட்டில் குடியேற்ற அதிகாரிகள் ஒட்டும் சீட்டில் அது எழுதியிருக்கும். அங்கே வேலை விசாவில் இருக்கும் மகளுக்கும் மருமகனுக்கும் அது கிடையாது. அவர்கள் எப்படியும் தனி டிக்கெட்தான் வாங்க வேண்டும். டோக்கியோவிலிருந்து கியோத்தோவுக்கு மிகுதியாக ஓடுவது, ஹிகாரியைவிட வேகமான நொசோமி என்ற ஷின்கான்சென். இரண்டே கால் மணி நேரத்தில் போய்விடும், நெரிசல் நேரத்தில் சில நிமிடங்களுக்கு ஒன்று கிளம்பும். கட்டணம் ஹிகாரியைவிட முந்நூற்றுச் சொச்சம் யென்தான் அதிகம். பாஸ் வைத்திருப்பவர் நொசோமியில் ஏற வேண்டுமானால், டோக்கியோ-கியோத்தோ தூரத்துக்கு ஒவ்வொரு முறையும் 4,960 யென் கூடுதலாகக் கட்ட வேண்டும். கட்ட மனம் இல்லையென்றால் மணிக்கு இரண்டு என்ற அளவில் வரும் ஹிகாரிக்குக் காத்திருக்க வேண்டும். அதில் போவதொன்றும் குறையில்லை, இருபது இருபத்தைந்து நிமிடம்தான் வேறுபாடு. ஆனால் நான்கு பேரில் இருவர் கையில் ஒரு வகைச் சீட்டும் இருவர் கையில் இன்னொரு வகைச் சீட்டும் இருந்தால், நேரம் பார்ப்பது முதல் இருக்கை எடுப்பது வரை எல்லாமே இரட்டை வேலை. மகளோடு இருப்பதற்காகத்தான் போகிறீர்கள் என்னும்போது, ஒரே முறையில் நான்கு டிக்கெட்டும் எடுத்துவிடுவது நல்லது.

‘பாஸ் இருந்தால் டிக்கெட் கிடைக்குமா கிடைக்காதா என்ற கவலை இல்லை’ என்று முகவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இது நம் ஊர் அனுபவத்திலிருந்து வரும் அச்சம். வெயிட்டிங் லிஸ்ட், ஆர்ஏசி, காலை பத்து மணிக்குத் தட்கல் என்று பழகிய நமக்கு, முன்கூட்டிப் பணம் கட்டி ஒரு சீட்டைக் கையில் பிடித்துவிட்டால்தான் மனம் அடங்கும். ஷின்கான்சென்னில் நிலைமை வேறு. நிலையங்களில் முன்பதிவு பயணத்துக்கு ஒரு மாதம் முன்பு திறக்கிறது. விழா விடுமுறைக் காலங்களைத் தவிர்த்தால், போகும் நாளன்று நிலையத்தில் வாங்கினாலும் பெரும்பாலும் இடம் கிடைக்கிறது, கடைசி நேரம் என்பதற்காக விமானக் கட்டணம் போல விலை எகிறுவதும் இல்லை. தவிர, பாஸ் என்பது ஏறும் உரிமை மட்டுமே, இருக்கை அன்று. இருக்கைக்கு அதை வைத்துத் தனியாக முன்பதிவு செய்துகொள்ள வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை, ஆனால் உறுதியான இருக்கை வேண்டுமென்றால் செய்துதான் ஆக வேண்டும். இடம் இல்லாத ரயிலில் பாஸ்காரருக்கும் இடம் இல்லை.

இனி ஹிரோஷிமா. இங்கேதான் கணக்கு நுட்பமாகிறது, உங்கள் கேள்வியிலும் இதுதான் நல்ல கேள்வி.

கியோத்தோவிலிருந்து ஹிரோஷிமாவுக்கு ஒரு வழிக்கு ஏறத்தாழ 11,000 யென். ஒரே நாளில் போய்த் திரும்பினால் 22,000, கடலுக்குள் நிற்கும் தோரண வாயிலைக் காண மியாஜிமா தீவுக்குப் படகில் போகவர 400. மேலே வந்த 37,760 உடன் இதைச் சேர்த்தால் 60,160 யென். பாஸோடு போனால் 53,070. ஜேஆர் படகுக்கும் பாஸ் செல்லும், தீவுக்கான 100 யென் வருகையாளர் வரியை மட்டும் தனியே கட்ட வேண்டும். ஆக ஹிரோஷிமாவைச் சேர்த்தால் பாஸ் ஒருவருக்கு ஏழாயிரம் யென் மிச்சப்படுத்துகிறது. முகவர் இந்தக் கணக்கைக் காட்டினால் அது பொய்யில்லை.

ஆனால் இரண்டு செய்திகளை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்று, ஜேஆர் மேற்கு நிறுவனம் தன் பகுதிக்கு மட்டும் கன்சாய்-ஹிரோஷிமா பாஸ் என்று ஐந்து நாள் பாஸ் ஒன்றைத் தருகிறது. 2023 அக்டோபர் திருத்தத்தில் அதன் விலை 17,000 யென் ஆயிற்று. கியோத்தோவிலிருந்து ஷின்-ஒசாகா வரை சாதாரண ரயில், அங்கிருந்து ஹிரோஷிமாவுக்கு ஷின்கான்சென், மியாஜிமா படகு, நாரா, அராஷியாமா எல்லாம் அதில் அடங்கும். டோக்கியோ-கியோத்தோவுக்குத் தனி டிக்கெட்டும் மேற்குப் பகுதிக்கு இந்தப் பாஸும் என்று எடுத்தால் 27,700, 17,000, நரிதா எக்ஸ்பிரஸ் போகவர 6,140, டோக்கியோ நகருக்குள் 2,000 எல்லாம் கூடி 52,840 யென். நாடு முழுவதற்குமான பாஸோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய சமம். ஆனால் டோக்கியோ-கியோத்தோப் பயணத்தில் மகளோடு எந்த ரயிலில் வேண்டுமானாலும் ஏறும் சுதந்திரம் உங்களிடமே இருக்கிறது. இந்தப் பாஸும் தற்காலிக வருகையாளருக்கு மட்டுமே.

இரண்டாவது, நீண்ட தூரத்துக்கு ஒரே டிக்கெட்டாக எடுத்தால் கிலோமீட்டருக்கான கட்டணம் குறையும். டோக்கியோவிலிருந்து நேரே ஹிரோஷிமாவுக்கு 19,000 யென் அளவில்தான் ஆகிறது. முதலில் ஹிரோஷிமா போய் ஒரு இரவு தங்கி, அங்கிருந்து கியோத்தோ வந்து ஒரு இரவு தங்கி, டோக்கியோ திரும்பினால் பெரிய டிக்கெட்டுகள் மூன்றும் சேர்ந்து ஏறத்தாழ 44,000. மற்றவற்றைக் கூட்டினால் 54,000-55,000. பாஸ் இல்லாமலே பாஸின் விலைக்கு அருகில் வந்துவிட்டோம், போன வழியிலேயே அன்றே திரும்பும் நான்கு மணி நேர அலைச்சலும் இல்லை. எனவே ஹிரோஷிமாவை உண்மையாகவே பார்க்க ஆசைப்பட்டால் இந்த முறையில் போங்கள். பாஸைக் கட்டுப்படியாக்குவதற்காக ஹிரோஷிமாவைச் சேர்ப்பதாக இருந்தால் வேண்டாம். ஏழாயிரம் மிச்சம் என்பது, இருபத்திரண்டாயிரத்தைச் செலவில் ஏற்றிக்கொண்ட பிறகு வரும் மிச்சம்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2024இல் நானும் மனைவியும் அதே நிஷி-கசாயில் அண்ணன் மகன் வீட்டில் தங்கினோம். தருமபுரியிலேயே பணம் கட்டி ஏழு நாள் பாஸுக்கான சீட்டை வாங்கிக்கொண்டு போயிருந்தோம். டோக்கியோ நிலையத்தில் கடவுச்சீட்டைக் காட்டி அதைக் கொடுத்து, பெயரும் தேதியும் அச்சிட்ட சிறிய அட்டையாக மாற்றிக்கொண்ட அந்த நிமிடத்திலிருந்து, எங்கே போக ஆசை என்ற பேச்சு நின்று, எங்கே போனால் பாஸ் வீணாகாது என்ற பேச்சு தொடங்கிவிட்டது. கியோத்தோவில் மூன்றாம் நாள் காலையில் மனைவியின் கணுக்கால் வீங்கியிருந்தது. காலணிப் பட்டை பதிந்த இடத்தில் தோல் பள்ளமாக நின்றது. ‘இன்றைக்கு இங்கேயே ஆற்றங்கரையில் உட்கார்ந்திருக்கலாமே’ என்றாள். நான் அட்டையில் இருந்த கடைசித் தேதியைக் காட்டினேன். அன்று கனஸாவா வரை போய், நிலையத்துக்கு வெளியே அரை மணி நேரம் நின்றுவிட்டு, அடுத்த ரயிலில் திரும்பினோம். ரயிலிலேயே அவள் தூங்கிவிட்டாள். ஊருக்கு வந்து பழைய சீட்டுகளை எடுத்து வைத்துக் கணக்குப் போட்டபோது, அப்படி அலைந்தும் பாஸின் விலையை நாங்கள் எட்டவில்லை. அவளுக்கு அந்த ஆற்றங்கரை இன்றைக்கும் ஒரு குறைதான்.

அதனால் பாஸே கூடாது என்று எல்லாருக்கும் சொல்ல மாட்டேன். ஓசூரில் வேலைக்குப் போகிற எங்கள் ஊர்ப் பிள்ளைகள் சீசன் டிக்கெட் எடுக்கும்முன், அந்த மாதத்தில் எத்தனை நாள் வேலை, எத்தனை நாள் விடுப்பு என்று எண்ணுகிறார்கள் அல்லவா, அதே எண்ணம்தான் இங்கேயும், நாளுக்குப் பதில் தூரத்தை எண்ண வேண்டும். ஏழு நாளுக்குள் டோக்கியோவிலிருந்து கியூஷூ தீவின் ஹகாதா வரை போய்த் திரும்புகிறவருக்கு அந்தப் போக்குவரத்தே 46,000 யென் அளவில் ஆகிவிடும்; வழியில் இரண்டு ஊர்களில் இறங்கினால் பாஸ் தெளிவாக லாபம். ஒவ்வொரு இரவும் ஒவ்வொரு ஊரில் தங்கி, முதுகில் ஒரு பையோடு போகிற இளைஞர்களுக்கு அது பொருந்தும். கியோத்தோவை மட்டும் போய்ப் பார்த்துத் திரும்புகிறவருக்கு எந்தக் கணக்கிலும் பொருந்தாது.

முகவரிடம் இன்னும் பணம் கட்டவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், நல்லது. பயன்படுத்தத் தொடங்கிய பாஸுக்குப் பணம் திரும்ப வராது, தொலைந்தால் மறுபடியும் தர மாட்டார்கள். விமான டிக்கெட்டும் விசாவும் அவரிடம் முடியட்டும், ரயில் டிக்கெட்டை மகளிடம் விட்டுவிடுங்கள். ஷின்கான்சென் நிறுவனத்தின் முன்பதிவுச் செயலியில், பல நாள் முன்னதாக எடுக்கும் சில டிக்கெட்டுகளுக்குத் தள்ளுபடி உண்டு. தேதி உறுதியானால் அதையும் அவர் பார்க்கலாம். பெரிய பெட்டிகளை நிஷி-கசாயிலேயே வைத்துவிட்டு, கியோத்தோவுக்கு இரண்டு நாள் துணி மட்டும் எடுத்துப் போங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றும் கூட்டினால் 160 சென்டிமீட்டரைத் தாண்டும் பெட்டிக்கு இந்தத் தடத்தில் அதற்கென இடமுள்ள இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும், இல்லையென்றால் 1,000 யென் கட்ட நேரும்.

மகளிடம் சொல்ல வேண்டியது இன்னும் ஒன்று. சாதாரண வகுப்பில் ஒரு பக்கம் ஏ, பி, சி என்று மூன்று இருக்கை, மறுபக்கம் டி, இ என்று இரண்டு. கியோத்தோ போகும்போது அடுத்தடுத்த இரண்டு வரிசைகளில் டியும் இயும் எடுக்கச் சொல்லுங்கள். நான்கு பேரும் ஒரே இடத்தில் இருக்கலாம், வேண்டுமானால் முன்வரிசையைத் திருப்பி எதிரெதிராகவும் உட்காரலாம். சன்னலோர ‘இ’ இருக்கையை அம்மாவுக்குக் கொடுங்கள். டோக்கியோவிலிருந்து புறப்பட்டு முக்கால் மணி நேரம் ஆகும்போது, வானம் தெளிவாக இருந்தால், ஃபுஜி மலை அந்தப் பக்கத்துச் சன்னலில்தான் வரும்.